ஏறியவர் ஒருவர்

எங்கள் ஊர் சோரியாங்குப்பத்துக்கு விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு அரசு பஸ் வந்துகொண்டிருந்தது. பாகூர் வழியாகப் போய்க் கடலூர் ரோட்டைப் பிடித்து ஆறரைக்கெல்லாம் புதுச்சேரியில் இறக்கிவிடும். அந்த பஸ் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

என் பெயர் சகாயராணி. வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம். கரும்பு லாரிக்கு லோடு ஏற்றிய உடம்பு அவருக்கு. நாற்பத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழு மணி ஷிப்ட். பத்து நிமிஷம் பார்ப்பார்கள், ஆள் வராவிட்டால் வெளியே பெஞ்சில் காத்திருக்கிற வேறு ஒருவரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். அதில் நான் தப்பு சொல்ல மாட்டேன். பெஞ்சில் இருக்கிறவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

ஆற்றைத் தாண்டினால் கடலூர், பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போகக் கூடாதா என்று கேட்காத ஆள் இல்லை. போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. இலவசமாகச் செய்ய அவர்கள் ஊர் அட்டை வேண்டும், எங்கள் கையில் இருப்பது புதுச்சேரி அட்டை. பெண்ணையாற்றில் தண்ணீர் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. எல்லை மட்டும் எல்லா நாளும் இருக்கிறது.

அவர் இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து ஒரு ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும், ஓடுகிற ஃபிரிட்ஜின் மேல் கை வைத்த மாதிரி. தினமும் தொட்டுப் பார்க்கணும், ஓட்டம் நின்றால் உடனே வரணும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்த மனுஷன் கையை அவ்வளவு தடவை பிடித்ததில்லை. "இன்னாடி, இப்பதான் ஆசை வருதா" என்று கேலி செய்வார்.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் இன்னொரு பஸ் பிடித்து மூலக்குளம் போவேன். வில்லியனூர் ரோட்டில் ராயல் பிரெஞ்ச் கார்டன் என்று ஆறு மாடிக் கட்டடம். அதில் பிரெஞ்சும் கிடையாது, கார்டனும் கிடையாது. நூற்றி இருபது வீடு, அதைவிட அதிகமாகக் கார். நான் அங்கே ஹவுஸ்கீப்பிங். லிஃப்ட், படிக்கட்டு, மாடி வராந்தா எல்லாம் என் பொறுப்பு. மூன்று மணிக்கு வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், காலையில் கட்டிலில் ஏறின மனுஷன் பதினொன்றரைக்கே இறங்கி வெளியே வேப்ப மரத்தடியில் வெளுத்த முகத்தோடு எனக்காக உட்கார்ந்திருப்பார். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள்கூட ஷிப்ட் தவறவில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ் இருந்ததுதான் காரணம்.

போன பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, அப்பார்ட்மெண்ட் செக்ரெட்டரி அரிகரன் சார் எங்களை எல்லாம் கூப்பிட்டார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதிர்ந்து பேச மாட்டார். வீட்டு வேலை செய்கிற பெண்கள், வாட்ச்மேன், தோட்டக்காரர், கார் கழுவுகிறவர்கள், பக்கத்து அப்பார்ட்மெண்ட் ஆட்கள் எல்லோரும் நின்றோம்.

"ஒண்ணும் இல்ல, வாசல்ல ஒரு பஸ் வந்து நிக்கும். எல்லாரும் ஏறி உக்காருங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வாங்க. டிக்கெட் அசோசியேஷன் செலவு. அரை மணி நேரம் வேலை செஞ்ச மாதிரிதான்."

"எதுக்கு சார்?" என்றேன்.

"நம்ம ஏரியாவுக்கு பஸ் கேட்டிருக்கோம் ராணி. கூட்டம் இருக்குதான்னு பாப்பாங்க."

பஸ் வந்தால் எனக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். ஏறினோம். உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றோம். எவர் எண்ணினார், எங்கே நின்று எண்ணினார் என்பதை எல்லாம் நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற வெண்ணிலா, நாலாவது மாடியில் சமையல் செய்கிறவள், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு "இப்படி தெனமும் சும்மா ஊர் சுத்த வுட்டா நல்லாருக்கும்கா" என்றாள். நானும் சிரித்தேன்.

அதே சமயத்தில் எங்கள் ஊர் பஸ் நொண்டி அடிக்க ஆரம்பித்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் வராது. வண்டி ரிப்பேர் என்பார்கள், டிரைவர் இல்லை என்பார்கள். ஒரு செவ்வாய் வராமல் போய்விட்டால் கட்டில் கைவிட்டுப் போய்விடும். மனு எழுதினேன். ஒன்பதாவது வரை படித்த கை, நன்றாகவே எழுதுவேன். ஐந்து நாற்பது பஸ் நாள் தவறாமல் வர வேண்டும், எட்டு மணிக்கு இன்னொன்று விட வேண்டும். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பிறகு ஊர்த் தெருவுக்கும் போனேன்.

அங்கே மணவாளன் ஐயாதான் பெரிய தலை. பதினைந்து காணி கரும்பு, மீதி நெல். என் அம்மாவும் நானும் அவர் நிலத்தில் களை எடுத்திருக்கிறோம். அவர் அந்த பஸ்ஸில் ஜென்மத்தில் ஏறியதில்லை. ஆனாலும் ஊருக்கு பஸ் வருவது தன் கௌரவம் என்று நினைக்கிறவர். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மனுவை பஸ் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பத்து நாளில் பதில் வந்தது. வருகிற செவ்வாய் காலை ஐந்து நாற்பது பஸ் நேரத்துக்கு ஆள் வந்து பார்ப்பார்கள்.

"ஆபீசர் வர்றாருன்னா சும்மா வுட முடியாது" என்றார் மணவாளன் ஐயா. "ஊர் மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

எங்கள் ஊர் மரியாதை என்னவென்றால், பெரிய மனிதர் எவர் வந்தாலும் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகாமல் நிற்பது. கலெக்டர் வந்தாலும் அப்படித்தான், பிஷப் வந்தாலும் அப்படித்தான். வந்தவரைக் கண்டும் காணாமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனால் அவமானப்படுத்திய மாதிரி. மேளம் எங்கள் தெருவிலிருந்து, மாலையும் சால்வையும் அவர்கள் தெருவிலிருந்து. இளநீருக்கு ஆள் சொல்லியாயிற்று. மனுவின் நகலை ஆபீசர் கையில் நான்தான் கொடுக்க வேண்டும் என்று மணவாளன் ஐயாவே சொன்னார். எழுதியவள் நான் அல்லவா. எனக்குத் தலை கால் புரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று சொன்னேன். "நாளைக்கி ஒருத்தரும் பஸ் ஏறக் கூடாது. ஒரு நாள் சம்பளம் போனா போவுது. ஆபீசர் வர்றப்ப ஊரே நிக்கணும். கூட்டத்தப் பாத்தாதான் குடுப்பான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தினமும் அந்த பஸ்ஸில் முப்பது முப்பத்தைந்து பேர் போவோம். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள், மீன் வாங்கி விற்கிறவர்கள். ஒருவர்கூடப் போகவில்லை. என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது அன்றைக்கு.

அவருக்கு மட்டும் செவ்வாய் ஷிப்ட். விட முடியாது.

"ஒண்டியாவா போவணும்?" என்றார்.

"நீ என்ன சின்னப் புள்ளையா? பஸ் ஏறுனா ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கப் போற. மனு நான்தான் குடுக்கணும்யா."

"சரி, சரி. கவர்மெண்ட்டு வேலை பாக்கற. நான் குறுக்க வரல" என்று சிரித்துவிட்டு, துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டார்.

வெளுக்கிற நேரத்துக்கு பஸ் வந்தது. எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் இருநூறு பேருக்கு மேல் நின்றோம். மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் பாகூர் ரோட்டில், ஜீப் எப்போது வரும் என்று. பஸ்ஸை எவரும் சட்டை செய்யவில்லை. அவர் படியில் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு காலை வைத்து ஏறினார். நான் முதுகில் கை கொடுத்தேன். மூன்றாவது ஜன்னலில் போய் உட்கார்ந்தார். அந்த ஜன்னலில் நடுக் கம்பி கிடையாது, தலையை வெளியே நீட்டலாம்.

கடைசி சீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர் மடியில் தாள் சொருகிய அட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ பேர் நிக்கிறீங்க, யாரும் ஏறலயா?"

பஸ்ஸில் இருப்பவர் டிக்கெட் செக்கர் போல என்று நினைத்தேன். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது.

"இன்னிக்கி யாரும் ஏற மாட்டாங்க சார். எங்களுக்கு ஆபீசர் வர்றாரு. நீங்க போய்க்கினே இருங்க."

சரி என்றார். பிறகு அட்டையில் என்னமோ எழுதினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஆரோக்கியம் ஜன்னலில் தலையை நீட்டி, மாலையும் மேளமுமாக நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

பதினொரு மணி வரை நின்றோம். ஜீப் வரவில்லை. இளநீரை நாங்களே வெட்டிக் குடித்தோம். சால்வையை மணவாளன் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கவர்மெண்ட்டு சொன்ன நாளில் என்றைக்கு வந்திருக்கிறது என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு கலைந்தோம்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பஸ் வரவில்லை. முதல் நாள் ரிப்பேர் என்று நினைத்தோம், இரண்டாவது நாளும் அப்படியே நினைத்தோம். மூன்றாவது நாள் வெள்ளி. ஸ்டாப்பிங்கில் அவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் புகழேந்தியை எழுப்பி அவன் பைக்கில் மூன்று பேராகப் போனோம். புகழேந்தி பெயிண்ட் அடிக்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கடலூர்ப் பக்கம்தான் அவனுக்கு வேலை. ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். முதல் ஷிப்ட் தவறியது அன்றைக்குத்தான்.

நேரே பஸ் ஆபீசுக்குப் போனேன். எட்டணாவுக்குப் பெறாத ஆள் மாதிரி இங்கே அங்கே என்று அலைய விட்டார்கள். கடைசியில் மணிவண்ணன் என்ற ஒருவரிடம் போகச் சொன்னார்கள். பார்த்தால் அதே கண்ணாடி. கடைசி சீட்டுக்காரர்.

"நீங்களா?" என்றேன்.

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பினார். அச்சடித்த தாள். சோரியாங்குப்பம், காலை 5.40. அதற்கு நேரே பேனாவில், ஏறியவர் 1.

"நான்தாம்மா வந்து பாத்தது. எண்ண வர்றவங்க ஜீப்ல வர மாட்டாங்க, பஸ்லதான் வருவோம். எண்ணறோம்னு சொல்லவும் கூடாது. சொன்னா ஆள் புடிச்சி ஏத்திடுவாங்க."

"இருநூறு பேர் நின்னமே சார். கண்ணால பாத்தீங்களே."

"நிக்கறவங்களுக்கு இதுல எடம் இல்லம்மா. ஏறுறவங்க, எறங்குறவங்க. அவ்ளோதான். நான் கேட்டேன் இல்ல? நீங்கதான் போவச் சொன்னீங்க."

ஃபைலை அவர் பக்கம் தள்ளினேன்.

"அந்த பஸ்ஸு எங்க சார் இப்ப?"

அடுத்த தாளைத் திருப்பினார். மூலக்குளம், ராயல் பிரெஞ்ச் கார்டன் வாசல். ஏறியவர் 43. பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்தது. நான் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்ணிலாவோடு ஜன்னல் பக்கம் நின்று சிரித்தது ஞாபகம் வந்தது.

"இந்த நாப்பத்திமூணுல நான் ஒருத்தி சார். எங்கள ஏறச் சொன்னாங்க, ஏறுனோம்."

அவர் பேனாவை மூடினார். "ஏறுனவங்க எல்லாம் பயணிதாம்மா. எதுக்கு ஏறுனாங்கன்னு கேக்க ரூல் இல்ல."

"அந்த ஒண்ணு என் வூட்டுக்காரரு."

"பேரு எழுத மாட்டோம்மா."

ஆறு மாதம் சோதனை ஓட்டம், அதற்குப் பிறகு திரும்ப எண்ணுவார்கள், அப்போது மனு போட்டுப் பாருங்கள் என்றார். ஆறு மாதம் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் விரலை மடக்கிப் பார்த்தேன், ஐம்பது டயாலிசிஸுக்கு மேல் வந்தது.

பாகூர் வரை போனால் பஸ் உண்டு. ஆனால் அந்த மூன்று மைலை அவரால் நடக்க முடியாது. அந்நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. புகழேந்தி வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோய் விட ஒப்புக்கொண்டான், செவ்வாய் முடியாது, மேஸ்திரி திட்டுவான். செவ்வாய்க்கு மணவாளன் ஐயாவைக் கேட்டேன். இரண்டு வாரம் கார் அனுப்பினார். பின் சீட்டில் உரச் சாக்கை அறுத்து விரித்திருந்தது. வாந்தி எடுத்தால் சீட் கெட்டுவிடுமாம். என் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் டிரைவர் வரவில்லை என்றார்கள், நாலாவது வாரம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சாக்கென்ன, முள்ளை விரித்திருந்தாலும் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்க வேண்டும். ரோஷம் அவருக்கு வரவில்லை, எனக்கு வந்தது.

ஒரு தடவை ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். உயிருக்கு ஆபத்தான நிலைமையா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். பொய் சொல்லத் தெரியாத வாய் இது.

வாரம் இரண்டு என்பது ஒன்றானது. தண்ணீரை அளந்து குடித்தார், அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு. அப்படியும் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். "லோடுமேன் வேலைல இவ்ளோ வெயிட்டு தூக்குனதில்ல ராணி, என்ன நானே தூக்க முடியல" என்றார். கையைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூலக்குளத்தில் வாசல் படியைத் துடைக்கும்போது தினமும் அந்த பஸ்ஸைப் பார்ப்பேன். நடுக் கம்பி இல்லாத மூன்றாவது ஜன்னல். டிரைவர், கண்டக்டர், சில நாள் வாட்ச்மேனின் தம்பி. அவ்வளவுதான் ஆட்கள். அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கு இரண்டு இரண்டு கார் இருக்க, அவர்கள் எதற்கு இதில் ஏறப்போகிறார்கள். அரிகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு ராணி. ஆனா பாரு, வாசல்ல பஸ்ஸுன்னு விளம்பரத்துல போட்டாத்தான் காலி வூட்டுக்கு ஆள் வருது. நீ ஒண்ணு பண்ணு, உங்க ஊர்க்காரங்கள விட்டு ஒரு மனு போடச் சொல்லு."

வாளியை அவர் காலில் ஊற்றிவிடலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனேன்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது வெள்ளி. அதற்கு முந்தின செவ்வாயும் தவறியிருந்தது, அதற்கு முந்தின வெள்ளியும் புகழேந்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தவறியிருந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். புகழேந்தி முன்னால், ஆரோக்கியம் நடுவில், நான் பின்னால். அவர் தலை புகழேந்தி முதுகில் சாய்ந்திருந்தது. நான் வலது கையால் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கையை அவர் கை மேல் வைத்திருந்தேன். அந்த இடத்தின் மேல்.

"எங்க வந்துருக்கோம்?" என்று கேட்டார்.

"பாகூர் ஏரி வரப் போவுதுய்யா. அரை மணி நேரந்தான்."

"பஸ்ஸுல போனா ஜன்னல்ல காத்து வரும்" என்றார்.

ஏரிக்கரை திருப்பத்தில் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். வண்டி குலுங்கியதில் என் விரல் நழுவியது, திரும்ப வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடம் மாறி வைத்துவிட்டோமோ என்று கொஞ்சம் மேலே வைத்தேன், கீழே வைத்தேன். பைக் ஓடுகிற அதிர்வுதான் என் கைக்கு வந்தது, அவர் கையிலிருந்து எதுவும் வரவில்லை.

"புகழு, வண்டிய நிறுத்து" என்றேன்.

"டைம் ஆவுதுக்கா."

"நிறுத்துடா. இனிமே டைம் வேணாம்."

அவரை இறக்கக்கூட முடியவில்லை. இரண்டு பேரும் அப்படியே அவரை நடுவில் தாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றோம். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் இருபதே நிமிஷத்தில் வந்தது. இந்தத் தடவை கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொன்னேன்.

பதினாறாம் நாள் பூசை முடிந்து வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. பாகூர் வரை நடந்து போனேன். எனக்கு எந்த ஷிப்டும் இல்லை, எப்போது போய்ச் சேர்ந்தாலும் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். வெண்ணிலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரிகரன் சார் சம்பளத்தில் எதுவும் பிடிக்க வேண்டாம் என்று சொன்னார். அதிர்ந்து பேச மாட்டார் என்று நான் முதலிலேயே சொன்னேன், நல்ல மனிதர்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அவரே எங்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டார். சோதனை ஓட்டம் முடிகிறதாம். இன்றைக்கு எண்ண வருகிறார்களாம். பஸ்ஸை நிரந்தரமாக்கணும் என்றால் போன தடவை மாதிரி எல்லோரும் ஏறி உட்காரணும்.

"ராணி, நீயும் ஏறிடும்மா" என்றார், கொஞ்சம் தயங்கித்தான்.

பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக ஏறினார்கள். நானும் ஏறினேன். கால் தன்னால் மூன்றாவது ஜன்னலுக்குப் போனது. உட்கார்ந்தேன். அவர் சொன்ன மாதிரி காற்று வந்தது. கடைசி சீட்டில் மணிவண்ணன் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். பேனாவால் ஆள் ஆளாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். நெருக்கிக்கொண்டு நின்றவர்களை விலக்கி, படிக்கு வந்து இறங்கினேன். வெண்ணிலா என் முந்தானையைப் பிடித்து "அக்கா, வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கக்கா, பேசாம வா" என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். நீ உட்காரு என்று கையை எடுத்துவிட்டேன். வேறு யாரும் இறங்கவில்லை. இறங்குவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை.

மணிவண்ணன் பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏறிக்கம்மா. நீ ஒருத்தி எறங்குறதால ஒண்ணும் ஆவப்போறது இல்ல. நாப்பதுக்கு மேல இருக்காங்க. ஒண்ணு கொறையும், அவ்ளோதான்."

"எங்க ஊருலயும் அவ்ளோதான் சார். அன்னிக்கி நீங்க எழுதுனீங்களே ஒண்ணு. அதுதான் கொறஞ்சிது."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பிப் போனது. அரிகரன் சார் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனேன். வராந்தா இன்னும் துடைக்காமல் கிடந்தது.